22 படங்களுக்கும் கடிதம் எழுத வேண்டாம்

வணக்கம். 17ஆம் நூற்றாண்டு ஆம்ஸ்டர்டாம் பற்றிய ஆய்வேட்டை நூலாக்கும்போது, 22 படங்களுக்கும் உரிமையாளர்களின் அனுமதியைப் பதிப்பகம் கேட்கிறது என்று எழுதியிருந்தீர்கள். உடனே எல்லோருக்கும் மின்னஞ்சல் தட்டிவிடாதீர்கள்.

முதலில் ஆம்ஸ்டர்டாமில் உள்ள நெதர்லாந்தின் தேசிய அருங்காட்சியகமான ரெய்க்ஸ்மியூசியத்தின் இணையதளத்தில் தேடுங்கள். காப்புரிமை முடிந்த படைப்புகளின் பெரிய கோப்புகள் அங்கே இலவசம். நூலில் அச்சிடவும் தடையில்லை. செப்புத்தகட்டு அச்சுப்படங்கள் என்றால் ஒரே படத்தின் பிரதிகள் பல அருங்காட்சியகங்களில் இருக்கும். கட்டணம் கேட்கும் இடத்தை விட்டுவிட்டு இலவசப் பிரதியை எடுங்கள். ஆனால் தகட்டை இடையில் திருத்தி மறுபடி அச்சிட்டிருக்கலாம்; உங்கள் வாதம் ஒரு சிறு விவரத்தை நம்பியிருந்தால் இரண்டு பிரதிகளையும் ஒப்பிட்டே ஆகவேண்டும். படக்குறிப்பில் நீங்கள் எடுத்த பிரதியின் பதிவு எண்ணையே போடுங்கள்.

மிஞ்சுபவற்றுக்குக் கடிதம். அச்சு, மின்னூல், உலகம் முழுவதும், எல்லா மொழிகளும், எத்தனை பிரதி என எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் கேளுங்கள். மின்னூலை மறந்துவிட்டு இரண்டாம் முறை பணம் கட்டுவதுதான் வழக்கமாக நடப்பது. திறந்த அணுகல் (யாரும் இணையத்தில் இலவசமாகப் படிக்கக்கூடிய) நூலென்றால் அதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். பல உரிமங்கள் அதற்குப் பொருந்தாது.

அளவு: 12 செ.மீ. அகலத்துக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) வேண்டுமென்றால் சுமார் 1,420 பிக்சல். சின்னக் கோப்பை மென்பொருளில் பெரிதாக்கி அனுப்பினால் திரும்பி வரும்.