ஸ்பான்சர்ஷிப் விலைக்குக் கிடைக்குமா?

கேள்வி: களியக்காவிளைக்குப் பக்கத்தில் வசிக்கிறேன். பி.எஸ்சி. நர்சிங் முடித்து, திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஐ.சி.யு.வில் 5 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். நெய்யாற்றின்கரையில் உள்ள ஓர் ஏஜென்சி, 12 லட்சம் ரூபாய் கொடுத்தால் ஸ்பான்சர்ஷிப்போடு இங்கிலாந்து விசா எடுத்துத் தருவதாகவும், முதலில் முதியோர் இல்லத்தில் கேர் ஒர்க்கராகச் சேர்ந்துவிட்டுப் பிறகு நர்ஸாக மாறிக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. முன்பணமாக 50,000 ரூபாயும் அசல் சான்றிதழ்களும் கொடுத்துவிட்டேன். மீதிப் பணத்துக்காக அப்பா எங்கள் ரப்பர் விளையை ஒத்தி வைக்கப் போகிறார். கொடுக்கலாமா? அங்கே போன பிறகு வேலை சரியில்லை என்றால் வேறு இடத்துக்கு மாற முடியுமா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

விளையை ஒத்தி வைக்க வேண்டாம் என்று அப்பாவிடம் இன்றே சொல்லிவிடுங்கள். அவர்கள் உங்களுக்கு விற்க முன்வந்திருக்கும் வழி இப்போது இல்லவே இல்லை. வெளிநாட்டிலிருந்து கேர் ஒர்க்கர்களைப் புதிதாக வரவழைப்பதை இங்கிலாந்து அரசு 2025 ஜூலை 22 அன்று நிறுத்திவிட்டது. 2022 பிப்ரவரியில் அந்த வழி திறந்தபோது, நன்கு படித்த நர்ஸுகள் பலர் கேர் ஒர்க்கராகச் சென்றது உண்மைதான். 2024 மார்ச் 11 முதல் அந்த விசாவில் புதிதாகச் செல்வோர் கணவரையோ பிள்ளைகளையோ அழைத்துச் செல்ல முடியாது என்றானது. அடுத்த ஆண்டு வழியே மூடப்பட்டது. அந்தக் காலத்தில் போன யாரையாவது உங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்பதால்தான் ஏஜென்சியின் பேச்சு நம்பும்படியாக இருக்கிறது.

ஸ்பான்சர்ஷிப் என்றால் என்ன என்பதையும் நீங்கள் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்நாட்டு உள்துறையிடம் லைசென்ஸ் பெற்ற ஒரு வேலை வழங்குநர், குறிப்பிட்ட ஒரு வேலைக்கு, குறிப்பிட்ட சம்பளத்தில், குறிப்பிட்ட ஒருவரை அமர்த்துகிறோம் என்று அரசுக்கு அளிக்கும் உறுதிமொழியே அது. ஸ்பான்சர்ஷிப் சான்று எனப்படுவது அந்த உறுதிமொழிக்குரிய ஓர் எண்ணோடு கணினியில் இருக்கும் பதிவு. அதைப் பெற்ற 3 மாதத்துக்குள் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். லைசென்ஸ் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை அரசே இணையத்தில் வெளியிடுகிறது. வெளிநாட்டவரை அமர்த்தும் வேலை வழங்குநர் அரசுக்குச் செலுத்த வேண்டிய திறன் கட்டணத்தைத் தொழிலாளியின் தலையில் கட்டக்கூடாது. 2024 டிசம்பர் 31 முதல் லைசென்ஸ் கட்டணத்துக்கும் சான்று வழங்கும் கட்டணத்துக்கும் அதே தடை உண்டு. வேலை தேடித் தருவதற்காகத் தொழிலாளியிடம் ஏஜென்சி பணம் வாங்குவதை அங்கே 1973ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. ஆகவே, சான்றுக்கு விலை சொல்கிறவர் யாராக இருந்தாலும், வேலை வழங்குநர் செலுத்த வேண்டியதை உங்களிடம் கறக்கிறார், அல்லது இல்லாத ஒன்றை விற்கிறார்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது. மாறலாம், ஆனால் இங்கே ஒரு மருத்துவமனையை விட்டு இன்னொன்றில் சேர்வதைப் போல அல்ல. விசா அந்த ஒரு வேலை வழங்குநரோடு பிணைந்தது. வேலை போனாலோ, நீங்களே விட்டாலோ, அந்த நிறுவனத்தின் லைசென்ஸ் ரத்தானாலோ, விசாக் காலம் குறைக்கப்பட்டு, பொதுவாக 60 நாள் அவகாசம் கிடைக்கும். அதற்குள் லைசென்ஸ் உள்ள வேறொருவர் புதிய சான்று தர வேண்டும், நீங்கள் மீண்டும் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இல்லையேல் நாடு திரும்ப வேண்டும். 12 லட்சம் கடனோடும் ஒத்தியில் கிடக்கும் விளையோடும் அந்த 60 நாளை எண்ணுகிற பெண், சம்பளத்தைக் குறைத்தாலும் இரவு பகலாக வேலை வாங்கினாலும் வாய் திறக்க மாட்டாள். விசாவின் பிணைப்பைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம்; கடன் அதோடு சேரும்போதுதான் அது விலங்காகிறது.

உங்கள் தகுதிக்கு நேர்வழி இருக்கிறது. ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் மொத்தமாகவும், கேட்டல், வாசிப்பு, பேச்சு ஒவ்வொன்றிலும் 7, எழுத்தில் மட்டும் 6.5 பெறுங்கள், அல்லது மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி.யில் மூன்று பிரிவுகளில் பி, எழுத்தில் சி பிளஸ் பெறுங்கள். அந்நாட்டு நர்சிங் கவுன்சிலான என்.எம்.சி. நடத்தும் கணினித் தேர்வை இந்தியாவிலேயே எழுதலாம். செய்முறைத் தேர்வான ஆஸ்கியை அங்கே போய் எழுத வேண்டும். நர்ஸாகவே விசா பெற்றால், ஆண்டுக்கு 1,035 பவுண்டு வரும் மருத்துவக் கூடுதல் கட்டணமும் உங்களுக்கு இல்லை, குடும்பத்தையும் அழைத்துச் செல்லலாம். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், இடையில் விலகினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்ற பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

நம் பக்கத்தில், வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் ஏஜென்ட் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் அவருடைய பெயரையும் லைசென்ஸ் எண்ணையும் தேடிப் பாருங்கள். பதிவு செய்தவரே ஆனாலும் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் தவிர வாங்கக்கூடாது. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் சென்னையில் இயங்குகிறது. அதில் பதிவு செய்துகொள்வது நல்லது. பக்கத்து மாநிலத்தில் நோர்க்கா ரூட்ஸ், ஒடெபெக் ஆகிய அரசு அமைப்புகளும் இங்கிலாந்துக்கு நர்ஸுகளை அனுப்பியிருக்கின்றன. நீங்கள் வேலை பார்க்கும் நகரத்திலேயே இருக்கும் அலுவலகங்கள் அவை, ஒரு விடுமுறை நாளுக்கு முந்தைய மதியம் போய் விசாரித்துவிட்டு வரலாம்.

எல்லாவற்றுக்கும் முதலில் அசல் சான்றிதழ்களைத் திரும்ப வாங்க வேண்டும். அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ள அவர்களுக்கு எந்த உரிமையும் இல்லை. பணத்தையும் சான்றிதழ்களையும் 7 நாளில் திருப்பித் தரும்படி பதிவுத் தபாலில் எழுதி, ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள். தரவில்லை என்றால், ஏஜென்சி கேரளத்தில் இருக்கிறது, அங்கே போய்ப் புகார் கொடுங்கள் என்று யாராவது சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, இதுபோன்ற குற்றம் எங்கே நடந்திருந்தாலும் உங்கள் ஊர்க் காவல் நிலையத்திலேயே தகவல் கொடுக்கலாம்; அவர்கள் அதைப் பதிந்து உரிய நிலையத்துக்கு அனுப்பிவைப்பார்கள். சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். 50,000 ரூபாய் கொடுத்ததற்கான வங்கிப் பதிவு, வாட்ஸ்அப் உரையாடல், 12 லட்சம் என்று அவர்கள் எழுதிக் கொடுத்த தாள், மூன்றின் நகல்களையும் அதோடு இணைத்துவிடுங்கள்.