மழைநீர் வடிகட்டித் தொட்டி உண்மையில் வேலை செய்கிறதா? மழையிலேயே சோதித்துப் பார்க்கும் முறை

கேள்வி: கொடைக்கானலில் ஏரியை நோக்கிச் சரியும் சாலையில் தங்கும் விடுதி நடத்துகிறோம். கூரையும் கார் நிறுத்துமிடமும் சேர்ந்து 1,200 சதுர மீட்டர். அங்கிருந்து வரும் மழைநீர் வடிகாலில் சேருமுன் தெளிய வேண்டும் என்பதற்காக, சென்ற ஆண்டு 8,000 லிட்டர் வண்டல் தொட்டியும் அதையடுத்து மணல், ஜல்லி நிரப்பிய வடிகட்டி அறையும் கட்டினோம். 80 சதவீத அழுக்கு நீங்கும் என்று கட்டித் தந்தவர்கள் சொன்னார்கள். ஒரு சிறு மழையின்போது உள்ளே வரும் நீரையும் வெளியேறும் நீரையும் ஒரே நேரத்தில் பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினோம். கலங்கலாக மிதந்துவரும் திடப்பொருள் உள்ளே லிட்டருக்கு 38 மில்லிகிராம், வெளியே 61 மில்லிகிராம் என்று அறிக்கை வந்திருக்கிறது. தொட்டி பழுதா? மீதித் தொகையைக் கொடுக்கலாமா?

பதில்: அறிக்கை தவறு என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதை வைத்துத் தொட்டி பழுது என்று சொல்லவும் முடியாது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் சேரும். தரையில் ஊறுவதும் பள்ளங்களில் தேங்குவதும் போக, 5 மில்லிமீட்டர் மழையில் உங்கள் 1,200 சதுர மீட்டரிலிருந்து ஏறத்தாழ 5,000 லிட்டர்தான் தொட்டிக்கு வரும். தொட்டியிலோ ஏற்கெனவே 8,000 லிட்டர் நிற்கிறது. ஆகவே அன்று வெளியேறியதில் பெரும்பகுதி அன்றைய மழைநீர் அல்ல; முந்தைய மழையில் வந்து நின்ற நீரே புது நீரால் தள்ளப்பட்டு வெளியேறியிருக்கிறது. முந்தையது மண் கரைத்த பெருமழையாக இருந்திருந்தால், நீங்கள் ஒப்பிட்டது இரு வேறு மழைகளை.

அதனால் சோதனையின் அலகு பாட்டில் அல்ல, முழு மழை. ஒரு மழை தொடங்கி ஓயும்வரை எவ்வளவு நீர் வந்தது, அதில் எத்தனை கிராம் அழுக்கு இருந்தது, எவ்வளவு வெளியே போனது என்று கணக்கெடுக்க வேண்டும். அடுத்தடுத்த பல மழைகளுக்கு இந்தக் கணக்கை எழுதி, உள்ளே வந்த மொத்தக் கிராமையும் வெளியே போன மொத்தக் கிராமையும் ஒப்பிட்டால், ஒரு மழையின் நீர் அடுத்த மழையில் வெளியேறும் குழப்பம் தானாகவே சரியாகிவிடும்.

நீரின் அளவை அறிய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. உள்வாய்க் கால்வாயிலும் வெளிவாய்க் கால்வாயிலும் 90 பாகை கோணத்தில் ‘வி’ வடிவமாக வெட்டிய துருப்பிடிக்காத எஃகுத் தகடு ஒன்றைக் குறுக்கே நிறுத்துங்கள். தகட்டைத் தாண்டும் நீர் தடையின்றிக் கீழே விழ வேண்டும். தகட்டுக்குச் சற்று மேற்புறத்தில், வெட்டின் அடிமுனையிலிருந்து நீர் எத்தனை சென்டிமீட்டர் உயர்ந்து நிற்கிறது என்பதை அளவுகோலில் பார்த்தால் போதும். 5 சென்டிமீட்டர் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 0.8 லிட்டர், 10 சென்டிமீட்டர் என்றால் 4.4 லிட்டர்; 15 சென்டிமீட்டர் என்றால் 12 லிட்டர். உயரம் இரட்டிக்கும்போது ஓட்டம் ஐந்தரை மடங்குக்கு மேல் பெருகுகிறது என்பதைக் கவனியுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நீர் உயரத்தைக் குறித்துக்கொண்டு ஒரு பாட்டில் பிடியுங்கள். மழை ஓய்ந்தபின் எல்லாவற்றையும் சம அளவில் கலக்கக் கூடாது. 10 சென்டிமீட்டரில் பிடித்த பாட்டிலிலிருந்து 440 மில்லி எடுத்தால், 5 சென்டிமீட்டரில் பிடித்ததிலிருந்து 80 மில்லி மட்டுமே சேர்க்க வேண்டும். அப்படிக் கலந்த நீரே அந்த மழையின் உண்மையான சராசரி. தூறலில் பிடித்த தெளிந்த நீருக்கும் கொட்டும் மழையில் வந்த செந்நீருக்கும் ஒரே எடை கொடுப்பதுதான் நான் அதிகம் பார்த்த பிழை.

கணக்கில் வராமல் நழுவுவது வழிந்தோட்டம். மணிக்கு 40 மில்லிமீட்டர் வேகத்தில் மழை அடித்தால், ஊறுவதும் தேங்குவதும் போக, உங்கள் இடத்திலிருந்து நொடிக்கு ஏறத்தாழப் பதினொரு லிட்டர் வரும். வடிகட்டியால் அவ்வளவையும் வாங்க முடியாவிட்டால், மிகுதி நீர் மேல்வழியாகத் தப்பி நேரே வடிகாலில் விழும். அதுவே மிக அதிக அழுக்கைச் சுமந்த நீராகவும் இருக்கலாம். வழிந்தோடும் வாயின் உட்சுவரில் சாக்பீஸால் நெடுக ஒரு தடித்த கோடு போட்டு வையுங்கள். காலையில் போய்ப் பார்த்தால், நீர் ஏறிய உயரம்வரை கோடு அழிந்திருக்கும். இரவு இரண்டு மணி மழைக்கும் அது சாட்சி சொல்லும். கோடு அழிந்திருந்தால் அந்த மழைக்கு வழிந்த நீரையும் மதிப்பிட்டு ‘வெளியே போனது’ என்ற பக்கத்தில் எழுத வேண்டும்.

மலைக்கு மட்டுமே உரிய ஒரு சிக்கலும் உண்டு. 10 டிகிரி நீர், 30 டிகிரி நீரைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் பிசுபிசுப்பானது. மண் துகள் அந்த அளவுக்கு மெதுவாகவே அடியில் படியும். சமவெளிக்காகப் போட்ட கணக்கை அப்படியே மலையில் கட்டினால் தொட்டி சிறியதாகிவிடும். 10 டிகிரியில் ஒரு மீட்டர் ஆழத்தைக் கடக்க 0.1 மில்லிமீட்டர் மணலுக்கு இரண்டரை நிமிடம் போதும். அதில் ஐந்தில் ஒரு பங்கு பருமனுள்ள வண்டலுக்கு ஒரு மணி நேரம் ஆகும். இரண்டு மைக்ரான் (0.002 மில்லிமீட்டர்) களிமண்ணுக்கு நான்கு நாள் வேண்டும். உள்ளே வரும் நீரைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து ஜன்னலோரம் வையுங்கள். சில நிமிடங்களில் அடியில் மணல் வரி ஒன்று விழும். மேலே நீர் தேநீர் நிறத்திலேயே நிற்கும். மறுநாள் காலையிலும் அந்த நிறம் தெளியவில்லை என்றால், உங்கள் சரிவிலிருந்து வருவது களிமண். அதற்கு வண்டல் தொட்டி பதிலாகாது, வடிகட்டி அறையையே நம்ப வேண்டும்.

இவற்றையெல்லாம் தொடங்குமுன், மழையில்லாத நாளில் உள்வாயை ஒருமுறை பாருங்கள். அப்போதும் நீர் கசிந்துகொண்டிருந்தால் அது சரிவின் ஊற்று நீராக இருக்கலாம். செப்டிக் டேங்க் கசிவாகவும் இருக்கலாம். முன்னது கணக்கை நீர்த்துப்போகச் செய்யும். பின்னது வேறு நோய். மணல் வடிகட்டியிடம் அதற்கு மருந்து எதிர்பார்க்காதீர்கள். கசிவு நீரில் மலக் கிருமிச் சோதனை செய்து, டேங்க் கசிவு என்று தெரிந்தால் முதலில் அதை அடைத்துவிடுங்கள்.

சதவீதத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உள்ளே வரும் நீரே ஓரளவு தெளிவாக இருக்கும்போது, எவ்வளவு நல்ல தொட்டியாலும் 80 சதவீதம் நீக்க முடியாது. இதை உணர்ந்தே அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சுற்றுச்சூழல் துறை தன் கள ஆய்வு விதியில், உள்நீரில் திடப்பொருள் லிட்டருக்கு 100 முதல் 200 மில்லிகிராம் இருந்தால் 80 சதவீத நீக்கமும், 20 முதல் 100 வரை இருந்தால் வெளிநீர் 20 மில்லிகிராமைத் தாண்டாமையும் கேட்கிறது. உங்கள் 38 மில்லிகிராமுக்கு உரிய கேள்வி வெளிநீர் 20-க்குள் நின்றதா என்பதே. எத்தனை சதவீதம் குறைந்தது என்பதன்று.

எத்தனை மழை வேண்டும்? சான்றிதழ் தரும் ஆய்வு அல்ல என்பதால், எட்டு மழை போதும் என்பது என் கருத்து. ஆனால் எட்டும் ஒரே மாதத்தில் வரக் கூடாது. சீசன் கூட்டத்தின் கார்கள் சிந்திய எண்ணெயும் டயர் தூளும் தரையில் காத்திருக்க, ஏப்ரல், மே மாதங்களில் பெய்யும் கோடை மழையின் முதல் சில நிமிடங்கள் மிக முக்கியமானவை. அக்டோபர், நவம்பர் வடகிழக்குப் பருவமழையே தொட்டியின் தாங்குதிறனைச் சோதிக்கும். இரு மழைகளுக்கு இடையே ஆறு மணி நேரமாவது வறண்ட இடைவெளி இருந்தால் மட்டும் தனித்தனி மழையாக எண்ணுங்கள். விடாத தூறல் நாட்களை ஒரே மழையாகவே எழுதலாம்.

பாட்டில்களை ஐஸ் பெட்டியில் வைத்து, ஏழு நாளுக்குள் சோதிக்கச் சொல்லுங்கள். நீரில் மிதக்கும் திடப்பொருளை அளப்பதற்கான இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 3025 பகுதி 17 முறை என்று குறிப்பிடுங்கள். பாட்டிலைக் குலுக்கி அதிலிருந்து சிறிது எடுத்துச் சோதிக்கும்போது மணல் அடியிலேயே தங்கிவிடும். ஆகவே முழுப் பாட்டிலையும் வடிகட்டி எடைபோடும்படி எழுத்தில் கேளுங்கள். எண்ணெய்க்குத் தனிக் கண்ணாடிப் பாட்டில் வேண்டும். அந்தப் பாட்டிலில் நேரடியாகவே பிடிக்க வேண்டும். கலவையிலிருந்து ஊற்றினால் எண்ணெய் பாத்திரச் சுவரில் ஒட்டிப் போய்விடும்.

வடிகட்டி அறையில் நீரை நிரப்பி, 10 சென்டிமீட்டர் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று இன்றே குறித்து, ஆறு மாதம் கழித்து மீண்டும் பாருங்கள். பைன் ஊசிகளும் யூகலிப்டஸ் இலைகளும் மேலே பாய்போல் படிந்து அந்த நேரத்தை நீட்டிக்கும். தொட்டிக்குள் எவரையும் இறங்கவிடாதீர்கள். மூடியைத் திறந்து மேலிருந்தே கம்பியால் வண்டலின் ஆழத்தை அளக்கலாம்.

மீதித் தொகை பற்றி: ஒரு பருவமழைக் கணக்கு முடியும்வரை நிறுத்தி வைப்பது நியாயமே, ஆனால் இந்த ஒரு அறிக்கையைக் காட்டி மறுப்பது நியாயமன்று. அதற்குள் அவர்களிடம் இரண்டு கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: அந்த 80 சதவீதம் எந்தப் பருமனுள்ள துகளுக்கு, நொடிக்கு எத்தனை லிட்டர் ஓட்டத்தில் கிடைத்தது? ஆய்வகத்தில் சீரான சிலிக்கா மணல் தூளைக் கரைத்துப் பெற்ற எண் என்று அவர்கள் சொன்னால், உங்கள் ஜன்னலோரக் குப்பியில் அடியில் படிந்த அளவுக்கு மட்டுமே அந்த வாக்குறுதி பொருந்தும்.