ட்ராக் 01

அன்புள்ள ஐயா,

அப்பாவுக்கு எழுபது வயது. பழைய பாடல்கள் என்றால் உயிர். போனில் கேட்கச் சொன்னால், நடுவில் யாராவது கூப்பிடுகிறார்கள், விளம்பரம் வருகிறது என்று அலுத்துக்கொள்கிறார். பாட்டுக்கென்றே ஒரு சின்ன பிளேயர் வாங்கிக் கொடுக்கலாமா? எந்தக் கம்பெனி நல்லது? எம்பி3 போதுமா, ஒலி குறையாமல் வைக்கிற ஃப்ளாக் ஃபைல் வேண்டுமா? ஹார்ட் டிஸ்க்கில் 6000 பாடல்கள் வைத்திருக்கிறேன். அப்படியே அள்ளிப் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.

ஆர்., தஞ்சாவூர்

அன்புள்ள ஆர்.,

தாராளமாக வாங்கிக் கொடுங்கள். அப்பாவின் அலுப்பைக் கவனித்து இதை யோசித்தீர்களே, மனதுக்கு நிறைவாக இருந்தது. ஐபாடை ஆப்பிள் 2022-இல் நிறுத்திவிட்டது. ஆனால் பிளேயர் செய்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கம்பெனியைப் பற்றி அலட்டிக்கொள்ள வேண்டாம். பார்க்காமலே விரலால் தடவி அழுத்துகிற மாதிரி பட்டன் இருக்கட்டும், மெமரி கார்டு போட இடம் இருக்கட்டும். ஃப்ளாக்கையும் மறந்துவிடுங்கள். 128 கேபிபிஎஸ் அளவுக்குச் சுருக்கிய எம்பி3-யை ஃப்ளாக்காக மாற்றினால் ஃபைல்தான் பெருக்கும், போன ஒலி போனதுதான்.

ஆனால் 'அப்படியே அள்ளிப் போட்டுவிடலாம்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. அள்ளிப் போட அது என்ன மணலா? ஒரு ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். பாட்டின் பெயர் 'ட்ராக் 01'. பாடியவர் என்ற இடத்தில் ஏதோ டவுன்லோடு தளத்தின் முகவரி. ஆல்பம் 'எம்ஜிஆர் ஹிட்ஸ்'. பாடிய டி.எம்.எஸ். இல்லை, எழுதிய வாலி இல்லை, இசையமைத்த எம்.எஸ்.வி. இல்லை.

1996-இல் எம்பி3 ஃபைலின் வாலில் 128 பைட் சேர்த்து, ஐடி3 என்று ஒரு சீட்டு ஒட்ட ஆரம்பித்தார்கள். பாட்டின் பெயருக்கு 30 ஆங்கில எழுத்து, பாடியவருக்கு 30, ஆல்பத்துக்கு 30. இசையமைத்தவருக்கும் எழுதியவருக்கும் அதில் இடமே கிடையாது. 1998-இல் வந்த இரண்டாம் பதிப்பு இருவருக்கும் தனித்தனியே இடம் கொடுத்தது. இத்தனை வருஷமாக அதை நிரப்பாமல் வைத்திருப்பது நாம்தான்.

என் மாமா இலங்கை வானொலியில் வளர்ந்தவர். அங்கே பாட்டுக்கு முன்னால் படம், கவிஞர், இசை, பாடியவர் எல்லாம் சொல்வார்கள். அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. பட்டியல் எழுதிக் கொடுத்து கடையில் டிடிகே கேசட்டில் பதிந்து வாங்கிவருவார். கடைக்காரர் அட்டையில் பாட்டின் முதல் வரியை மட்டும் எழுதியிருப்பார். மாமா சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, ஒவ்வொரு வரிக்கும் கீழே சிவப்பு மையில் பொடி எழுத்தாகக் கவிஞர் பெயரைச் சேர்ப்பார். இடம் போதாவிட்டால் அட்டையைத் திருப்பி எழுதுவார். மருதகாசி, கு.மா.பாலசுப்பிரமணியம் என்ற பெயர்களை நான் முதலில் படித்தது அந்த அட்டைகளில்தான். அவர் ஒன்றும் இசை விமர்சகர் இல்லை, மளிகைக்கடைக் கணக்கர். அவரால் முடிந்தது, கம்ப்யூட்டர் வைத்திருக்கும் உங்களால் முடியாதா?

எம்பி3டேக் என்ற மென்பொருள் விண்டோஸில் இலவசம். ஒரு படத்தின் பாடல்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து இசையமைப்பாளர் பெயரை ஒரே தட்டில் போட்டுவிடலாம். 6000-த்தையும் ஒரே மூச்சில் செய்யச் சொல்லவில்லை. முதலில் அப்பா அடிக்கடி முணுமுணுக்கிற நூறு பாட்டை எடுங்கள். அவரையே பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள், யார் எழுதியது என்று பாதிக்கு மேல் அவரே சொல்வார்.

அப்புறம், பெயர்களைத் தமிழிலேயே அடியுங்கள். சில பிளேயர்களில் தமிழ் எழுத்து வெறும் கட்டம் கட்டமாகத் தெரியும். அதனால் நீங்கள் பெயர் சேர்த்த நாலு பாட்டை கார்டில் போட்டுக் கடைக்கு எடுத்துப் போங்கள். திரையில் வாலி என்று தமிழில் தெரிந்தால் மட்டும் பணத்தைக் கொடுங்கள்.