எந்த எலும்பு உண்மை?

கேள்வி: பாரிஸில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். வெஸ்லே என்ற மலைக்கிராமத்தில் மகதலேனா மரியாளின் உண்மையான எலும்பு இருக்கிறதாம். பார்த்துவிட்டு உங்களுக்கு ஒரு பயணக் கட்டுரை எழுதி அனுப்பட்டுமா? (கே. எஸ்., திருச்சி)

பதில்: ‘உண்மையான’ என்கிறீர்களே, அந்த வழக்கில்தான் அந்த ஊரே நொடித்துப் போனது. மரியாளின் எலும்பு எங்களிடம்தான் என்று வெஸ்லே துறவிகள் பதினோராம் நூற்றாண்டிலிருந்து சொல்லிவந்தார்கள். கூட்டம் முண்டியடித்தது. 1146இல் பெர்னார்ட் என்ற துறவி இரண்டாம் சிலுவைப் போருக்கு ஆள் சேர்த்ததும் அங்கேதான். 1267இல் எலும்புகளை எடுத்துவைத்த சடங்குக்கு பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் லூயியே வந்தார். பன்னிரண்டே வருடம். தெற்கே புரோவான்ஸில் ‘அசல் உடல் இதோ’ என்று வேறொரு கல்லறையைத் திறந்தார்கள். 1295இல் போப்பாண்டவரும் அந்தப் பக்கம் சாய, வெஸ்லேயின் உண்டியல் காய்ந்தது. தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. தேவாலய நிலவறையில் பேழை இருக்கிறது, கும்பிட்டுக்கொள்ளுங்கள்.

நான் பார்க்கச் சொல்வது வாசலை. வெளிவாசல் அல்ல; அதன் மேலிருப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதிதாகச் செதுக்கியது. முன்மண்டபத்துக்குள் போய் நிமிர்ந்து பாருங்கள். அது பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கல். நடுவில் கிறிஸ்து கை விரித்திருக்க, நற்செய்தி போய்ச் சேரவேண்டிய உலகத்து மக்கள் சுற்றிலும் நிற்கிறார்கள். நாய்த்தலையர் உண்டு. ஏணி வைத்துக் குதிரை ஏறும் குள்ளர் உண்டு. கீழ் வரிசையில், ஆளையே போர்த்திவிடும் காதுகளோடு ஒரு குடும்பம். அவர்கள் நம் சொந்தக்காரர்கள்! சந்திரகுப்த மௌரியரின் அவைக்கு வந்த மெகஸ்தனிஸ், காதிலேயே படுத்துறங்கும் மனிதர்கள் இந்தியாவில் உண்டு என்று எழுதிவைத்தார். அவர் சொன்னதை ரோமானியர் நம்பினார்கள், ரோமானியரைத் துறவிகள் நம்பினார்கள், சிற்பி உளியை எடுத்துவிட்டான். பாய் வேண்டாம், போர்வை வேண்டாம், கொசுவலையும் மிச்சம். எங்கள் அலுவலகத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வந்தால் இந்த இனத்தார் இருவரை நேரிலேயே பார்க்கலாம். எழுப்பினால் மட்டும் காது கேட்காது.

மெகஸ்தனிஸ் பொய் சொன்னாலும் சுவையாகச் சொன்னார். நமது பயணக் கட்டுரையாளர்களுக்கு அதுவும் வராது. விமானத்தில் கொடுத்த ஆம்லெட்டில் ஆரம்பித்து, ஊர் போய்ச் சேர்வதற்குள் கட்டுரை முடிந்துவிடும். இதைச் சொன்னதற்காக என்னைத் திட்டியவர்கள் மறுபடி திட்டலாம். மெரிமே என்ற பிரெஞ்சு எழுத்தாளர் 1834இல், நினைவுச்சின்ன ஆய்வாளராக, இதே கோயிலைப் பார்க்கப் போனார். உள்ளே உட்கார்ந்து படம் வரைந்தபோது சுற்றிலும் சிறுகற்கள் பெயர்ந்து விழுந்ததை அறிக்கையில் எழுதினார். உடனே கவனிக்காவிட்டால் இடிக்கத்தான் வேண்டும் என்றார். அரசு அசைந்தது. 1840இல் வியோலே-லெ-துக் என்ற 26 வயது இளைஞரிடம் வேலையை ஒப்படைத்தார்கள். இன்று கோயில் நிற்பது அதனால்தான். எழுதினால் அப்படி எழுதுங்கள்.

போகாமலும் எழுதலாம். காந்தியைப் பற்றியும் ராமகிருஷ்ணரைப் பற்றியும் புத்தகம் எழுதிய ரோமைன் ரோலந்து இந்தியாவுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. 1931இல் காந்திதான் சுவிட்சர்லாந்தில் அவர் வீட்டுக்குப் போனார். ரோலந்து கடைசி வருடங்களைக் கழித்து 1944 டிசம்பரில் இறந்தது வெஸ்லேயில்தான்.

போகத்தான் போகிறீர்கள் என்றால், செர்மிசேல் ரயில் நிலையத்திலிருந்து சுமார் பத்து கிலோமீட்டர். வண்டியை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். கட்டுரையோடு ஸ்டாம்பு ஒட்டிய உறையும் வரட்டும்.