செம்பனைக் கன்றும் யானையும்

அன்புள்ள ஐயா,

பேராக்கில் கிரிக் பக்கம் என் அண்ணனுக்குக் கொஞ்சம் செம்பனை (எண்ணெய்ப்பனை) இருக்கிறது. மறுநடவு செய்த கன்றுகளை யானைகள் ஒரே இரவில் பிடுங்கிப் போட்டுவிட்டன. இருட்டினால் அண்ணி வாசலுக்கே வருவதில்லை. நீங்களோ யானைகளுக்காகப் பரிந்து எழுதுகிறீர்கள். அந்தப் பக்கத்துப் பெலும் காடு அவ்வளவு பெரிதாகக் கிடக்கிறதே, பிடித்து உள்ளே விட்டால் என்ன?

வ., செந்தூல்

அன்புள்ள வ.,

அண்ணியின் பயம் நியாயமானது. யானை ஆளைக் கொல்லும். கோலாலம்பூரில் உட்கார்ந்துகொண்டு அதை நான் லேசாகப் பேசக் கூடாது.

நீங்கள் கேட்பதை மலேசிய வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் 1974 முதலே செய்துவருகிறது. நூற்றுக்கணக்கான யானைகளைப் பிடித்து இடம் மாற்றியும் தொல்லை ஓயவில்லை. நிழல் அடர்ந்த பெருங்காட்டில் யானைக்குத் தீனி குறைவு. புல்லும் மூங்கிலும் காட்டுவாழையும் வெயில் விழும் இடத்தில்தான் செழிக்கும்; அதாவது காட்டோரத்தில், நம் தோட்டங்களை ஒட்டி. தீபகற்ப மலேசியாவிலும் போர்னியோவிலும் 102 யானைகளுக்குக் கழுத்துப்பட்டை மாட்டிப் பார்த்த ஆய்வில், பாதிக்கு மேற்பட்ட நேரம் அவை பாதுகாக்கப்பட்ட காட்டுக்கு வெளியேதான் இருந்திருக்கின்றன. அரிக்கொம்பன் என்ற யானையின் கதை தெரியுமல்லவா? கேரளாவின் சின்னக்கானலில் 2023 ஏப்ரலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். அடுத்த மாதமே தமிழ்நாட்டின் கம்பம் ஊருக்குள் வந்து நின்றது.

சரி, அண்ணன் என்ன செய்வார்? யானை தேடி வருவது கன்றின் குருத்தை. மரம் வளர்ந்து முற்றிவிட்டால் அவ்வளவு சேதம் வராது. ஆகவே காவல் முக்கியமாகத் தேவைப்படுவது நட்ட முதல் சில வருடங்களுக்கு. மின்வேலி கன்று நடுவதற்கு முன்பே நிற்க வேண்டும். அதில் கொடி படராமல் தினமும் பார்க்க ஆள் வேண்டும். பெரிய தோட்டங்களுக்கு இது முடியும். அவர்கள் வேலி போட்டதும் யானை திரும்புவது வேலியில்லாத சின்ன நிலங்களுக்குத்தான். இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. யானை இந்நாட்டுச் சொத்து என்றால், உங்கள் அண்ணனின் வேலிச் செலவில் என் வரிப்பணமும் சேர வேண்டும்.

அண்ணிக்கு ஒன்று. தமிழ்நாட்டு வால்பாறையில் யானை பக்கத்தில் வந்தால் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வருகிறது, உயரமான கம்பங்களில் சிவப்பு விளக்கு எரிகிறது. அங்கே உயிர்ச்சேதம் குறைந்தது. கிரிக்கில் நாலு வீட்டார் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழுவாவது இன்றே தொடங்கலாம்.

அப்புறம், அண்ணன் நிலத்தைச் சுற்றி இருப்பவை பெரிய தோட்டங்களா, அவற்றுக்கு வேலி உண்டா என்று கேட்டு எழுதுங்கள்.