பிள்ளைகளின் கடமையும் பாட்டியின் உரிமையும்

அன்புள்ள ஐயா,

பினாங்கில் ஒரு மருத்துவமனையில் தாதியாக வேலை செய்கிறேன். அண்மையில் எங்கள் வார்டில் ஒரு சீனப் பாட்டி இருந்தார். புற்றுநோய் முற்றிவிட்டது. “அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள், தாங்கமாட்டார்” என்று பிள்ளைகள் கெஞ்சினார்கள். இரண்டு கட்டில் தள்ளி ஒரு தமிழ்க் குடும்பமும் தங்கள் அப்பா விஷயத்தில் இதையே கேட்டது. ஒருநாள் மருந்து கொடுக்கப் போனபோது பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, “மிஸ்ஸி, சாயா சாக்கிட் அப்பா?” என்று மலாயில் கேட்டார். எனக்கு என்ன நோய் என்று கேட்கிறார். “டாக்டர் வந்து சொல்வார்” என்று சொல்லி நகர்ந்துவிட்டேன். விளைவைப் பார்க்காமல் செய்ய வேண்டியதே கடமை என்று ஜெர்மன் தத்துவஞானி கான்ட் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். இத்தனை இனமும் மதமும் கலந்து வாழும் ஊரில் அது நடக்கிற காரியமா? யாருடைய கடமையை நான் பார்ப்பது?

ஒரு வாசகி, பட்டர்வொர்த்

*

அன்புள்ள சகோதரிக்கு,

கான்ட்டிடம் கேட்டிருந்தால் பொய் சொல்லவே கூடாது என்றிருப்பார். கொலைகாரன் வாசலில் நின்று, உங்கள் வீட்டில் ஒளிந்திருக்கும் நண்பன் எங்கே என்று கேட்டால்கூடப் பொய் சொல்லக் கூடாது என்று 1797இல் ஒரு கட்டுரையே எழுதியவர் அவர். பலர் அந்த இடத்திலேயே அவரை மூடி வைத்துவிடுகிறார்கள். நானும் அந்த வாசலில் அவரோடு நிற்கமாட்டேன். ஆனால் அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் எழுதிய ஒன்றை விடவும் மாட்டேன்: எந்த மனிதரையும் வெறும் கருவியாக மட்டும் நடத்தாதே.

அந்தப் பாட்டியைப் பாருங்கள். நிலத்தின் கிராண்ட்டில், அதாவது உரிமைப் பத்திரத்தில், யார் பெயரை எழுதுவது என்று அவர் யோசித்து வைத்திருக்கலாம். ஈப்போவில் பேச்சுவார்த்தை நின்றுபோன ஒரு தம்பி இருக்கலாம். குவான் யின் கோயிலுக்கு ஒரு நேர்த்திக்கடன் பாக்கி இருக்கலாம். இன்னும் எவ்வளவு நாள் என்று தெரிந்தால்தான் இதையெல்லாம் செய்ய முடியும். பிள்ளைகள் அன்பினால்தான் மறைக்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் அந்த முடிவுகள் அவர் கையைவிட்டுப் போய்விடுகின்றன.

விளைவைவிடக் கடமையை முன்வைக்கும் இந்தக் கடமை அறத்தின் பலம் இங்கேதான். அது தலைகளை எண்ணுவதில்லை. வார்டில் எல்லோரும் நிம்மதியாக இருக்கிறார்கள், ஒரு பாட்டிக்கு மட்டும் உண்மை தெரியாது, பரவாயில்லை என்ற கணக்கு அதில் செல்லாது. இந்த மலேசியாவில் நூற்றுக்கு ஏழு பேர் அளவில் இருக்கும் இந்தியர்களான நமக்கு இதன் அருமை தெரிய வேண்டும். பெரும்பான்மையின் மகிழ்ச்சியை மட்டும் கூட்டிப் பார்த்தால் நம் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் எந்தக் கணக்கில் வரும்?

சரி, பலவீனத்துக்கு வருகிறேன். அந்தப் பிள்ளைகளும் கடமையைத்தான் சொல்கிறார்கள். பெற்றவர்களுக்கு வேதனை தரக்கூடாது என்பதைச் சீனக் குடும்பமும் தமிழ்க் குடும்பமும் சிறுவயதிலேயே சொல்லிக் கொடுத்துத்தான் வளர்க்கின்றன. உங்களுக்கோ உண்மை பேசும் கடமை. இரண்டு கடமைகள் உண்மையில் மோதிக்கொள்ளவே முடியாது என்றார் கான்ட். அந்தக் கட்டிலருகே நின்ற உங்களிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வராது. கடமைகள் மோதும் என்பதை 1930இல் டபிள்யூ. டி. ராஸ் என்ற தத்துவஞானி ஒப்புக்கொண்டார். கடமைகள் பல, அதைவிடக் கனமான ஒன்று எதிரே வரும்வரை ஒவ்வொன்றும் நம்மைக் கட்டும் என்றார். ஆனால் கனத்தை அளக்கத் தராசு எதையும் அவர் தரவில்லை, நிதானித்து முடிவுசெய் என்று விட்டுவிட்டார். ஒரே வழக்கத்தில் வளர்ந்தவர்களுக்குள் அந்த நிதானம் ஓரளவு ஒத்துப்போகும். உங்கள் வார்டில் கட்டிலுக்குக் கட்டில் மாறும்.

எல்லோருக்கும் பொதுவாக ஒரு பட்டியல் போட்டுவிடலாமே என்றால், அதையும் இந்த நாடு செய்து பார்த்திருக்கிறது. 1969 மே 13 இனக் கலவரத்துக்குப் பிறகு, 1970இல் ருக்குன் நெகாரா என்ற தேசியக் கோட்பாடுகள் வந்தன. அவற்றில் ஐந்தாவது கோட்பாடான நன்னடத்தையும் ஒழுக்கமும் யாருக்கும் ஒத்துவரும். முதல் கோட்பாடு இறை நம்பிக்கை. கடவுளை நம்பாத ஒரு நல்ல மனிதர் அந்த முதல் வரியிலேயே வெளியே நிற்கிறார். எந்தப் பட்டியல் போட்டாலும் யாரோ ஒருவருக்கு இப்படி ஆகும் என்றுதான் நினைக்கிறேன்.

அதனால் யாருடைய கடமை பெரியது என்று கேட்பதை விட்டுவிடுங்கள். இந்தக் கடமை யாருக்காகவோ, அவரைக் கேட்டார்களா? 2018 ஜனவரியில் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் தந்த தீர்ப்பு உங்களுக்கு நினைவிருக்கும். மதம் மாறிய தந்தை, தாயின் சம்மதம் இல்லாமல் பிள்ளைகளையும் மாற்றியிருந்தார். தன் பிள்ளையைத் தன் வழியில் வளர்ப்பது கடமை என்று இரண்டு பெற்றோருமே நினைக்கலாம். எந்த மதம் சொல்லும் கடமை உயர்ந்தது என்று நீதிமன்றம் எடைபோடவில்லை. இருவரின் சம்மதமும் வேண்டும், ஒருவர் மட்டும் செய்த மாற்றம் செல்லாது என்றது. பலவிதமான மனிதர்கள் சேர்ந்து வாழும் இடத்தில் கடமை அறம் நிற்க வேண்டுமானால் இந்தக் கேட்டல் அதற்குள் இருந்தே ஆக வேண்டும்.

அந்தத் தமிழ்க் குடும்பம் உங்களிடம் குறளைச் சொல்லக்கூடும். குற்றமில்லாத நன்மை தருமானால் பொய்யும் வாய்மைக்குச் சமம் என்கிறார் வள்ளுவர். அந்த நன்மையில் குற்றம் உண்டா இல்லையா என்பதை, படுத்திருக்கும் அப்பாவைக் கேட்காமல் யார் சொல்ல முடியும்?

“டாக்டர் வந்து சொல்வார்” என்று நீங்கள் சொன்னது பொய்யில்லை. நோயை அறிவிப்பது மருத்துவரின் வேலை. ஆனால் பாட்டி கேட்டார் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள், நோயாளியின் குறிப்பேட்டிலும் எழுதிவையுங்கள். பாட்டிக்கு மலாய் அரைகுறைதான் என்றால், ஹொக்கியன் சீனம் பேசும் ஒரு தாதியை மருத்துவரோடு அனுப்பச் சொல்லுங்கள். மகனை மொழிபெயர்க்க விடாதீர்கள். முதலில் நோயைச் சொல்ல வேண்டாம், “உங்கள் உடம்பைப் பற்றி எல்லாம் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்களா, பிள்ளைகளிடம் பேசினால் போதுமா?” என்று கேட்கட்டும். பிள்ளைகளிடம் பேசுங்கள் என்று அவர் சொன்னால் அது அவர் எடுத்த முடிவு, நீங்கள் நிம்மதியாக இருக்கலாம். தெரிய வேண்டும் என்றால், அப்புறம் பிள்ளைகளை உட்காரவைத்து, அம்மாவே கேட்கிறார் என்று மருத்துவர் சொல்லட்டும். அந்தப் பேச்சின்போது முடிந்தால் நீங்களும் கூட இருங்கள்.