ஒன்றரை ஷிப்ட் கணக்கு, ஆடிட் நாடகம், பிராண்டுக்குப் புகார்: ஆடைத் தொழிலாளர் உரிமை கேள்வி பதில்

ஆடைத் தொழிலில் உரிமை பறிபோனால் எந்தக் கதவை, எந்தக் காகிதத்தோடு தட்டுவது? வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இதைச் சுற்றித்தான். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

திருப்பூர், பவர் டேபிள் (மின் தையல் மெஷின்) டைலர்: தினமும் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறோம், ஒன்றரை ஷிப்ட் கூலி தருகிறார்கள். இதில் என்ன தப்பு அண்ணா?

கணக்கில்தான் தப்பு. ஒரு ஷிப்ட் 8 மணி நேரம், கூலி 480 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 60 ரூபாய். அடுத்த அரை ஷிப்டுக்கு, அதாவது 4 மணி நேரத்துக்கு, 240 தருகிறார்கள். கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்பதே சட்டம். 480 தர வேண்டும். நாளைக்கு 240 குறைகிறது, 26 நாளில் 6,240. பழைய தொழிற்சாலைகள் சட்டத்திலும் இரட்டிப்புதான், 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இரட்டிப்புதான். பாக்கிக்கு உரிமை கோர புதிய தொகுப்பு மூன்று ஆண்டு அவகாசம் தருகிறது.

பீஸ் ரேட் (தைத்த எண்ணிக்கைக்கு ஏற்ற கூலி) என்பதால் குறைந்தபட்சக் கூலி பொருந்தாது என்று காண்ட்ராக்டர் சொன்னால் நம்ப வேண்டாம்.

அதே கேள்வியின் தொடர்ச்சி: கையில் எந்த ஆதாரமும் இல்லையே?

இன்றிலிருந்து உண்டாக்குங்கள். ஒரு நோட்டில் தினமும் தேதி, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், லைன், ஸ்டைல் நம்பர், பீஸ் எண்ணிக்கை. சனிக்கிழமை கூலிக் கவர் வந்தால் இருபக்கமும் படம். பலர் கவனிக்காத ஆதாரம் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பாஸ்புக். உங்கள் பி.எஃப். கணக்கின் 12 இலக்க யூ.ஏ.என். எண்ணை வைத்து அரசின் உமங் செயலியில் பார்க்கலாம். பி.எஃப். கணக்குக்கு உங்கள் கூலி எவ்வளவு என்று கம்பெனி காட்டியிருக்கிறது என்பது மாதவாரியாக அதில் இருக்கும். கையில் வாங்கிய தொகைக்கும் அதற்கும் இடைவெளி இருந்தால், அது கம்பெனி தானே எழுதிக் கொடுத்த சாட்சி. இ.எஸ்.ஐ. (மருத்துவக் காப்பீடு) பிடித்தம் 0.75 சதவீதம்தான், அதற்கு மேல் பிடித்தால் அதையும் குறித்து வையுங்கள்.

புகார் பெரும்பாலும் எங்கே தோற்கிறது தெரியுமா? ஒருவர் மட்டும் தனியாகப் போகும்போது. ஐந்து பேராவது சேர்ந்து, முடிந்தால் சங்கத்தின் வழியாக, தொழிலாளர் உதவி ஆணையரிடம் எழுத்தில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். இடையில் வெற்றுத் தாளில் கையெழுத்து கேட்பார்கள். போடவே கூடாது. பிறகு அது ராஜினாமாவாகவோ ‘கணக்கு முடிந்தது’ என்ற ரசீதாகவோ மாறிவிடும்.

ஈரோடு: வருடத்துக்கு நான்கு ஆடிட் நடக்கிறது. அப்படியும் எதுவும் மாறவில்லை. ஏன்?

ஆடிட் என்பது கூலி, நேரம், பாதுகாப்பு சரியா என்று ஆலைக்குள் வந்து பார்க்கும் சோதனை. அதைச் செய்யும் ஆடிட்டருக்குச் சம்பளம் தருவது, துணியை வாங்கி விற்கும் பிராண்டோ கம்பெனியோதான். தேதி முன்கூட்டியே தெரியும். அன்றைக்கு மட்டும் கையுறையும் மாஸ்க்கும் வரும், அவசர வழிப் பூட்டு திறக்கும், ‘எட்டு மணி நேரம்தான் சார்’ என்று சொல்லச் சொல்லி முதல்நாளே பாடம் நடக்கும். இரண்டு வருகைப் பதிவேடு வைப்பதும் பழைய வித்தை. தொழிலாளியைப் பேட்டி எடுப்பது கம்பெனிக்குள்ளேயே, சூப்பர்வைசர் கண்ணெதிரில்.

விளைவைச் சொல்ல இரண்டு பெயர் போதும். கராச்சியின் அலி எண்டர்பிரைசஸ், 2012 செப்டம்பர் 11: தீயில் 250-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சில வாரங்களுக்கு முன்புதான் அந்த ஆலைக்கு எஸ்.ஏ. 8000 என்ற தொழிலாளர் நலச் சான்றிதழ் கிடைத்திருந்தது. அடுத்தது டாக்கா அருகே சாவரில் ராணா பிளாசா, 2013 ஏப்ரல் 24. முதல்நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழே இருந்த வங்கியையும் கடைகளையும் மூடினார்கள், தையல் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் உள்ளே அனுப்பினார்கள். 1,134 பேர் செத்தார்கள். அந்தக் கட்டடத்திலும் ஆடிட் நடந்திருந்தது. கட்டடம் தாங்குமா என்று பார்ப்பது அந்த ஆடிட்டின் வேலையே இல்லை.

அதற்குப் பிறகு ஆலைக் கட்டடப் பாதுகாப்புக்காக வந்த பங்களாதேஷ் உடன்பாடு வேறு வகை. 200-க்கும் மேற்பட்ட பிராண்டுகளும் தொழிற்சங்கங்களும் கையெழுத்திட்ட, சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் அது. பொறியாளர்கள் கட்டடத்தைச் சோதித்து அறிக்கையை வெளியிட்டார்கள். ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமை தொழிலாளிக்குக் கிடைத்தது. வாக்கை மீறிய பிராண்டுகளைச் சங்கங்கள் ஹேக் நகரின் நடுவர் மன்றத்துக்கு இழுத்தன; ஒரு பிராண்டு 2018-ல் 23 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. அந்த பிராண்டின் பெயரை மட்டும் கடைசிவரை வெளியே விடவில்லை. எனக்கு இன்னும் அது உறுத்தல்தான்.

திண்டுக்கல், செக்கிங்கில் வேலை பார்ப்பவர்: இங்கே ஓர் அக்காவுக்குச் சூப்பர்வைசர் தொல்லை தாங்கவில்லை. திண்டுக்கல் ஒப்பந்தம் என்கிறார்களே, அது எல்லோருக்கும் உண்டா?

இல்லைங்க, எல்லோருக்கும் இல்லை. 2021 ஜனவரியில் நாச்சி அப்பேரல் ஆலையின் இளம் தலித் பெண் தொழிலாளி ஒருவர் கொல்லப்பட்டார். குற்றம் சாட்டப்பட்டவர் அவருடைய சூப்பர்வைசர். பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் நடத்திய போராட்டத்தால், பெண்கள் மீதான தொல்லையைத் தடுக்க 2022 ஏப்ரலில் இந்தத் திண்டுக்கல் ஒப்பந்தம் வந்தது. தாய் நிறுவனமான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸும், எச் அண்ட் எம், கேப், பிவிஎச் என்ற பிராண்டுகளும் கையெழுத்திட்டன. ஆசிய ஆடைத் தொழிலாளர்களுக்காகப் பேசும் ஆசிய தரைக்கூலிக் கூட்டமைப்பும் ஒரு தரப்பு. அந்த ஆண்டு ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை நாச்சி சரக்குகளைத் தடுத்து, ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததைப் பார்த்து செப்டம்பரில் தடையை நீக்கியது.

ஒப்பந்தத்தின் உயிர் இரண்டு விஷயம். சங்கம் பயிற்சி கொடுத்த தொழிலாளர்களே லைனில் கண்காணிப்பாளர்கள். கெட்ட வார்த்தை, தொடுதல், பீஸ் குறைந்தால் மிரட்டல் எதுவானாலும் அது பெரிதாகும் முன் அங்கேயே எழும்பும். அடுத்து, கம்பெனி மீறினால் ஆர்டரில் கை வைக்க பிராண்டு கட்டுப்பட்டது.

உங்கள் ஆலை அதில் வரவில்லை என்றாலும் பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு வேண்டும்: தலைவர் பெண், பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியாள் ஒருவர். கடைசியாக நடந்த சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். பலர் கோட்டை விடுவது இந்தக் கெடுவைத்தான். விசாரணைக்கு 90 நாள். முதலாளியே குற்றவாளி என்றாலோ பத்துப் பேருக்குக் குறைவு என்றாலோ, மாவட்ட அளவிலான குழுவுக்குப் போங்கள்.

கோவை: நூற்பாலையில் இருக்கிறேன். எங்கள் நூல் எந்த பிராண்டுக்குப் போகிறது என்றே தெரியாது. ஜெர்மன் சட்டத்தில் புகார் தரலாமா?

தரலாம், கடிதத்தைச் சரியாக எழுதினால். சப்ளையர்களிடம் நடக்கும் உரிமை மீறலுக்கு வாங்கும் நிறுவனத்தைப் பொறுப்பாக்கும் சட்டம் அது. 2024 முதல் ஜெர்மனியில் குறைந்தது 1,000 பேரை வைத்திருக்கும் நிறுவனங்களுக்குப் பொருந்துகிறது. நேரடி சப்ளையரைப் பற்றி அவர்களே பார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் மில் மாதிரி மறைமுக சப்ளையர் என்றால், ‘மீறல் நடக்கலாம் என்பதற்கு உறுதியான தகவல் கிடைத்தது’ என்ற நிலை வந்தால்தான் கடமை தொடங்கும். அந்தத் தகவல்தான் உங்கள் கடிதம். மில் பெயர், முகவரி, தேதி, என்ன நடந்தது, எத்தனை பேருக்கு, நூல் போகும் பின்னலாலை அல்லது கார்மெண்ட் கம்பெனி பெயர், எல்லாம் இருக்கட்டும். நூல் மூட்டை லேபிள், அனுப்புச் சீட்டு இவற்றில் வாங்குபவர் பெயர் இருக்கும். ‘கொடுமை நடக்கிறது’ என்ற ஒற்றை வரி குப்பைக்குத்தான் போகும்.

சென்னை: நான் வாங்கிய சட்டை எந்த ஆலையில் தைத்தது என்று கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு முடியும். லேபிளில் உள்ள ஆர்.என். எண் அமெரிக்காவில் விற்கும் கம்பெனியைக் காட்டும், ஆலையைக் காட்டாது. பிராண்டின் சப்ளையர் பட்டியலைத் தேடுங்கள். ஆலைகளைப் பட்டியலிடும் ஓப்பன் சப்ளை ஹப் இணையதளத்தில் ஆலை பெயரைப் போட்டாலும் எந்தெந்த பிராண்டுகள் அதைச் சொல்கின்றன என்று வரும். ஜாப் ஒர்க் (பெரிய ஆலையின் வேலையைக் கூலிக்கு) எடுக்கும் சின்ன யூனிட்டுகள் அதில் வராது. மோசமான கூலி பெரும்பாலும் அங்கேதான்.

கிளிநொச்சி: ஈ.டி.எஃப். என்று சம்பளத்தில் 3 சதவீதம் வெட்டுகிறார்கள். சரியா?

சரியில்லை. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியின் 3 சதவீதமும் முதலாளியின் பங்கு. உங்களிடம் வெட்டக்கூடியது சேமலாப நிதிக்கான 8 சதவீதம். அதற்கு மேல் முதலாளி 12 கட்ட வேண்டும். சம்பளச் சீட்டோடு தொழில் திணைக்களத்துக்குப் போங்கள்.

மதுரை: ‘வாழக்கூடிய கூலி’ என்பதை யார் எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

1957-ல் 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு போட்ட கணக்கே அடித்தளம்: ஒரு குடும்பத்துக்கு 3 நுகர்வு அலகு (ஒரு பெரியவரின் தேவை ஓர் அலகு), அலகுக்கு 2,700 கலோரி, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி, வாடகை தனியாக, எரிபொருள், விளக்கு முதலியவற்றுக்கு 20 சதவீதம். ரெப்டகோஸ் பிரெட் வழக்கில் உச்ச நீதிமன்றம் படிப்பு, மருத்துவம், திருமணம் போன்றவற்றுக்கு 25 சதவீதம் சேர்க்கச் சொன்னது. அந்த 3 அலகில் கணவன் 1, மனைவி 0.8, பிள்ளைகள் ஆளுக்கு 0.6. பன்னிரண்டு மணி நேரம் மெஷினில் உட்காரும் பெண்ணுக்கு முக்கால் வயிறு! ஆசிய தரைக்கூலிக் கணக்கில் இரு பெரியவர்களும் சமம், 3,000 கலோரி.

சென்னை: அந்த பிராண்டையே புறக்கணித்தால்?

தொழிலாளர்கள் கேட்டால் செய்யுங்கள். கேட்காமல் செய்தால் ஆர்டர் வேறு நாட்டுக்குப் போகும், முதலில் வெளியேறுவது அவர்கள்தான். 2020-ல் கொரோனாவைக் காட்டி பிராண்டுகள் தைத்து முடித்த சரக்குக்கே பணம் தர மறுத்தபோது, வாங்காதீர்கள் என்பதைவிட ‘பணத்தைக் கொடு’ என்று ஆர்டர் ஆர்டராகக் கேட்டதுதான் பலித்தது. ஆலை பெயர், மீறல், கேட்கும் தீர்வு மூன்றையும் சொல்லி பிராண்டுக்கு எழுதுங்கள். தொழிலாளியின் முகம், ஐ.டி. கார்டு, லைன் நம்பர் தெரியும் படத்தை மட்டும் பொதுவெளியில் போடாதீர்கள்; திங்கட்கிழமை காலை கேட்டில் அவரை நிறுத்திவிடுவார்கள்.